ஐந்தாம் அத்தியாயம்: தோற்ற ஊர் திரும்பக் கூப்பிடும் மத்தியஸ்தர்

கட்டுக்கரைக் குளத்தின் கீழ் காலபோக வெட்டு முடிந்து வைக்கோல் ஏறியதும், நானாட்டான், முருங்கன், உயிலங்குளம் பக்கத்துக் கழகங்கள் சுற்றுப்போட்டிக்கு நாள் பார்க்கத் தொடங்கும். மன்னார்த் தீவுப் பக்கம் வயலைப் பார்த்து நாள் குறிப்பதில்லை. பள்ளிமுனையிலும் பேசாலையிலும் தலைமன்னாரிலும் கோயில் திருவிழா, கழகத்தின் ஆண்டு நிறைவு, கடலோடு போன ஒருவரின் பெயரில் ஞாபகார்த்தக் கிண்ணம் என்று வருடம் முழுக்க ஏதோ ஒன்று நடக்கும். வங்காலை, விடத்தல்தீவு, அரிப்பு, சிலாவத்துறை, எருக்கலம்பிட்டி என்று எங்கே போனாலும் பந்து உதைக்கப் பொடியங்கள் இருக்கிறார்கள். கிண்ணம் வாங்கியாயிற்று, ஒலிபெருக்கி கட்டியாயிற்று, சீருடையும் வந்துவிட்டது. கடைசி நேரத்தில் ஓடித் தேடப்படுகிறவர் மத்தியஸ்தர்தான்.

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறு பார்த்துக்கொண்டிருப்பவர், முழங்கால் நொந்து விளையாட்டை விட்டவர், வார நாளில் வேறு வேலை பார்த்து சனி ஞாயிறில் கையில் கொஞ்சம் காசு வேண்டும் என்று நினைப்பவர் ஆகிய மூன்று பேரை மனதில் வைத்து இந்த அத்தியாயத்தை எழுதுகிறேன். சிறுவர் உதைபந்தாட்டத்தில் விசில் பிடிப்பது நல்ல உழைப்பு. முதலீடு சிறிது. ஊர் ஊராக ஆட்களைத் தெரிந்துகொள்ளலாம். உடம்பும் கெடாது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு அடுத்த வேலையைத் தரப்போவது வென்ற அணி அல்ல. வென்றவர்களுக்கு அன்றைக்கு எந்த மத்தியஸ்தரும் நல்லவர்தான். தோற்ற அணி வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுக் கோபம் ஆறிய பிறகு, "அந்த ஆள் சரியாத்தான் ஊதினவர்" என்று சொன்னால், அந்தச் சொல்தான் அடுத்த மாதம் உங்கள் தொலைபேசியில் மணியாக அடிக்கும். கீழே வருகிற யோசனைகள் எல்லாம் இந்த ஒரு கணக்கில்தான் நிற்கின்றன.

காசு எங்கிருந்து வருகிறது

மன்னார் மாவட்டத்தில் ஐந்து பிரதேச செயலகப் பிரிவுகள் உண்டு: மன்னார் நகரம், மாந்தை மேற்கு, மடு, நானாட்டான், முசலி. ஒவ்வொன்றிலும் விளையாட்டு உத்தியோகத்தர் இருப்பார். பிரதேச விளையாட்டு விழாவும் இளைஞர் கழகங்களின் விளையாட்டு விழாவும் வரும்போது மத்தியஸ்தர் பட்டியல் எழுதுகிற இடம் அது. போய் உங்கள் பெயரையும் இலக்கத்தையும் கொடுத்துவிட்டு வாருங்கள். பாடசாலைப் போட்டிகள் கோட்ட மட்டம், வலய மட்டம், மாகாண மட்டம் என்று ஏறும். மன்னார் வலயம், மடு வலயம் இரண்டிலும் உடற்கல்வி ஆசிரியர்களே பெரும்பாலும் விசில் பிடிப்பார்கள். கோடு பார்க்க ஆள் போதாத நாளில் உங்களைக் கூப்பிடுவார்கள். அங்கே கொடுப்பனவு பற்றுச்சீட்டு எழுதித்தான் வரும், பிந்தியும் வரும். ஆனால் அந்த மைதானத்தில் உங்களைப் பார்க்கிற ஆசிரியர்கள்தான் தங்கள் ஊர்க் கழகத்தில் செயலாளராகவும் பொருளாளராகவும் இருப்பவர்கள். அதனால் அந்த வேலையைத் தள்ளிவிடாதீர்கள்.

கைக்காசு கிடைப்பது கழகச் சுற்றுப்போட்டியில். அணிக்கு 7 பேர் அல்லது 9 பேர், விலகல் முறை, ஒரே நாளில் அல்லது இரண்டு நாளில் முடிப்பது. இந்த வேலையை ஏற்கும் முன் ஒரு சின்னக் கணக்குப் போட வேண்டும். விலகல் முறையில் எத்தனை அணியோ அதைவிட ஒன்று குறைந்த போட்டிகள் நடக்கும். 16 அணி என்றால் 15 போட்டி. பாதிக்கு 15 நிமிடம், இடைவேளை 5 நிமிடம் என்றால் ஒரு போட்டிக்கு 35 நிமிடம். 15 போட்டிக்கு 525 நிமிடம், அதாவது எட்டே முக்கால் மணித்தியாலம். சமநிலை முறிக்கும் தண்ட உதைகளும், அணி பிந்தி வருவதும், பிரதம விருந்தினர் வந்து கைகொடுப்பதும் இதில் சேரவில்லை. இதை ஒரு ஆள் தனியாகச் செய்ய முடியாது. "நீங்கள் ஒராள் வந்தாக் காணும்" என்று ஏற்பாட்டாளர் சொன்னால் அந்தக் கணக்கை அவருக்குப் போட்டுக் காட்டுங்கள். மூன்று பேர் வேண்டும். ஒருவர் நடுவில், இருவர் கோட்டில், போட்டிக்குப் போட்டி இடம் மாறிக்கொள்ள வேண்டும்.

கூலி எப்படிப் பேசுவது? கணக்குக் காட்டுவதற்காக மட்டும் சில எண்களை வைக்கிறேன். நடுவில் நிற்பதற்கு 500 ரூபாய், கோட்டில் நிற்பதற்கு 300 ரூபாய் என்று வைப்போம். 15 போட்டியில் ஒவ்வொருவரும் 5 முறை நடுவிலும் 10 முறை கோட்டிலும் நின்றால் ஆளுக்கு 2500 உம் 3000 உம் சேர்த்து 5500 ரூபாய். ஏற்பாட்டாளருக்கு மொத்தம் 16,500. மன்னார் நகரத்திலிருந்து தலைமன்னாருக்கு ஏறத்தாழ 30 கிலோமீற்றர். போய்வர மோட்டார் சைக்கிளுக்கு ஒன்றரை லீற்றர் பெற்றோல் பிடிக்கும். அதையும் ஒரு சோடாவையும் கழித்தால் கையில் நிற்பது தெரியும். உங்கள் நாளின் விலையைப் போட்டு இதே கணக்கைச் செய்யுங்கள். போக்குவரத்தைக் கூலிக்குள் சேர்த்துப் பேசாதீர்கள். தனியாகச் சொல்லுங்கள். முசலிப் பக்கம் போகிறவருக்கும் பக்கத்து ஊரில் நிற்கிறவருக்கும் ஒரே தொகை என்றால் அடுத்த முறை தூரத்துக்குப் போக மனம் வராது.

காசை இறுதிப் போட்டிக்கு முன்னர் வாங்கிவிடுங்கள். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். இறுதிப் போட்டி முடிந்தால் சனம் மைதானத்துக்குள் வந்துவிடும், பொருளாளர் மேடைக்குப் போய்விடுவார், உங்கள் கூலி மறந்துபோகும். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. ஏற்பாடு செய்த கழகமே இறுதியில் ஆடித் தோற்றால், அதற்குப் பிறகு அவர்கள் கையிலிருந்து காசு வாங்குவது உங்களுக்கும் கஷ்டம், அவர்களுக்கும் கஷ்டம். அரையிறுதி முடிந்த இடைவேளையில், மூன்று பேரும் ஒன்றாகப் போய், கையெழுத்து வைத்து வாங்குங்கள். முதல் நாள் தொலைபேசியில் பேசும்போதே, "அண்ணை, அரையிறுதி முடிஞ்சதும் கணக்கை முடிப்பமே?" என்று கேட்டுவையுங்கள். எவரும் மறுக்கமாட்டார்.

சொந்த ஊர் அணி ஆடும் போட்டியில் விசில் பிடிக்காதீர்கள். சித்தப்பாவின் மகன் ஆடினாலும் பிடிக்காதீர்கள். மன்னாரில் ஊருக்கு ஊர் கொள்வினை கொடுப்பினை உண்டு. யாருக்கு யார் மச்சான் என்று சனத்துக்குத் தெரியும். அப்படியான ஆட்டம் வந்தால் நீங்களே முன்வந்து, "இது என்ர ஊர், மற்றவர் நிக்கட்டும்" என்று சொல்லி விலகுங்கள். ஒரு போட்டிக் கூலி போகும். அந்தப் பெயர் பத்துப் போட்டியைக் கொண்டுவரும்.

காற்றும் விசிலும்

தீவில் நின்று விசில் ஊதிப் பார்த்தவருக்கு இது தெரியும். வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை சோளகம் அடிக்கும். தென்கரையில் தம்பபவனிக் காற்றாலைகள் முப்பதையும் கொண்டுவந்து நட்டது இந்தக் காற்றை நம்பித்தான். பந்தை அந்தக் காற்று தூக்கிக்கொண்டு போகும், உங்கள் விசில் சத்தத்தையும் தூக்கிக்கொண்டு போகும். காற்று போகிற பக்கத்தில் நின்று ஊதினால், காற்று வருகிற பக்கத்தில் நிற்கிற பிள்ளைக்குக் கேட்காது. அவன் கேட்காமல் ஓடிப்போய் ஒருவனை உதைப்பான், சனம் உங்களைத் திட்டும். ஆகவே நாணயம் சுண்டும்போதே காற்றின் திசையைப் பார்த்துவையுங்கள். ஆட்டம் காற்றுக்கு எதிரே நகரும்போது வழக்கத்தைவிடப் பத்து அடி கிட்டப் போங்கள்.

உள்ளே மணி உருளுகிற பழைய விசிலை வாங்காதீர்கள். மணலும் எச்சிலும் சேர்ந்தால் மணி ஒட்டிக்கொள்ளும். கனடாவின் கூடைப்பந்தாட்ட மத்தியஸ்தர் ரொன் ஃபொக்ஸ்கிறொஃப்டுக்கு 1984இல் ஒரு முக்கிய ஆட்டத்தில் அப்படித்தான் விசில் அடைத்து, ஊதியும் சத்தம் வரவில்லை. அந்த ஆற்றாமையில் அவர் மணியே இல்லாத விசிலை உருவாக்கினார். 1987இல் ஃபொக்ஸ் 40 என்று சந்தைக்கு வந்தது அதுதான். இன்று உலகக் கிண்ணம் வரை மணியில்லா விசில்கள்தான் ஊதப்படுகின்றன. அந்த வகையில் இரண்டு வாங்குங்கள். ஒன்று கையில், ஒன்று காற்சட்டைப் பையில். கழுத்தில் தொங்கவிட வேண்டாம், பந்து பட்டால் பல் போகும்.

ஊதுவதிலும் பேச்சு உண்டு. சின்னத் தவறுக்குக் குட்டையாக ஒன்று, முரட்டுத் தவறுக்கு நீளமாகவும் பலமாகவும், தண்ட உதைக்குத் தயக்கமே இல்லாமல் ஒரே மூச்சில். தயங்கி ஊதுகிற விசிலைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையும் கண்டுபிடித்துவிடுவான். வீட்டில் ஊதிப் பழக முடியாது, அக்கம்பக்கம் சண்டைக்கு வரும். பின்னேரம் கடற்கரைக்குப் போய்ப் பழகுங்கள்.

மற்றப்படி கறுப்புச் சட்டையும் காற்சட்டையும், அணிகளின் நிறம் கறுப்பாக இருந்தால் மாற்ற ஒரு மஞ்சள் சட்டை, இரண்டு கைக்கடிகாரம், அட்டைகள், பென்சில், நாணயம் போதும். மஞ்சள், சிவப்பு அட்டைகளை உலகக் கிண்ணத்தில் முதலில் காட்டியது 1970இல் மெக்சிக்கோவில். ஆங்கிலேய மத்தியஸ்தர் கென் அஸ்ரன் வீதியின் சமிக்ஞை விளக்கைப் பார்த்து யோசித்தது அது. மொழி தெரியாதவனுக்கும் விளங்க வேண்டும் என்பதுதான் நோக்கம். மணல் சப்பாத்தின் அடியைத் தின்னும். வருடத்துக்கு ஒரு சோடி என்று செலவுக் கணக்கில் எழுதிவையுங்கள்.

வலையில் கை விட்டுப் பாருங்கள்

நான் பிடித்த ஆரம்ப காலத்துப் போட்டி ஒன்று. 16 வயதுக்கு உட்பட்டோர் இறுதி, கரையோர ஊர் ஒன்று, ஊர்ப் பெயர் வேண்டாம். பிந்தித்தான் போய்ச் சேர்ந்தேன். ஓடிப்போய் நாணயம் சுண்டி ஆட்டத்தைத் தொடங்கிவிட்டேன். இரண்டாம் பாதியில் ஒரு பொடியன் இடது பக்கத்தால் வந்து தாழ்வாக அடித்தான். பந்து கம்பத்துக்குக் கிட்டப் போனது, அடுத்த கணம் வலைக்குப் பின்னால் மணலில் உருண்டது. பக்கவாட்டில் வெளியே போய்விட்டது என்று கோல் உதை கொடுத்தேன். அடித்தவன் கைகளை விரித்துக்கொண்டு என்னிடம் ஓடி வந்தான். அவன் கண்ணில் கோபத்தைவிட நம்பமுடியாமைதான் இருந்தது. ஆட்டம் 1க்கு 0 என்று அவன் அணிக்குத் தோல்வியில் முடிந்தது.

எல்லாம் முடிந்த பிறகு ஒரு வயதான ஐயா வந்தார், தொழிலுக்குப் போகிறவர். என் தோளில் கை வைத்து கோல் கம்பத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். இடது கம்பத்துக்கு அருகே வலையில் ஒரு கிழிசல். அவர் அதற்குள் முழங்கை வரை கையை விட்டுக் காட்டினார். ஒரு சொல்லும் சொல்லவில்லை. பந்து உள்ளே போய் அந்த ஓட்டையால் வெளியே வந்திருக்கிறது. கூலியை மறுக்காமல் தந்தார்கள். அந்த ஊர் என்னை அதன் பிறகு மூன்று வருடம் கூப்பிடவில்லை. அந்தப் பொடியனின் முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

அன்றிலிருந்து முக்கால் மணித்தியாலம் முன்னதாகப் போகிறேன். வலையின் நான்கு ஓரத்திலும் கை விட்டுப் பார்க்கிறேன். பையில் வலை பொத்துகிற நைலோன் நூல் ஒரு சுருள் எப்போதும் கிடக்கும். ஓட்டை கண்டால் நானே கட்டப் போவதில்லை. கரையோர ஊரில் அதைக் கேட்க வேண்டும், அவ்வளவுதான். "அண்ணை, இதை ஒருக்காப் பொத்தித் தாறியளே?" என்றால், அங்கே நிற்கிற எவரும் என்னைவிட நூறு மடங்கு நேர்த்தியாக முடிச்சுப் போட்டுத் தருவார். அவர் கட்டிய வலையில் விழுந்த கோலைப் பற்றி அந்த ஊரில் பிறகு தகராறு வராது.

வலைக்கு அடுத்தது கம்பம். இரும்புக் கம்பம் என்றால் இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். சிறுபிள்ளைகள் குறுக்குக் கம்பத்தில் தொங்குவார்கள். மணலில் நட்ட கம்பம் பிள்ளையோடு சரிந்தால் உயிர் போகும். பின்னால் மணல் மூட்டை வைத்துக் கட்டும்வரை ஆட்டத்தைத் தொடங்காதீர்கள். ஏற்பாட்டாளர் எவ்வளவு அவசரப்பட்டாலும் இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். தரையில் போத்தல் ஓடு, முள், சிப்பி ஓடு கிடக்கிறதா என்று இரண்டு அணிப் பிள்ளைகளையும் வரிசையாக நடக்கவிட்டுப் பொறுக்கச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை. நகரப் பக்க மைதானங்களில் கழுதைகள் உள்ளே வரும். கழுதை வந்ததும் விசில் ஊதி நிறுத்தி, அது போன பிறகு பந்து நின்ற இடத்தில் போட்டுத் தொடங்குங்கள். அதைத் துரத்தப் பிள்ளைகளை அனுப்பாதீர்கள்.

பந்தைப் பெருவிரலால் அழுத்திப் பாருங்கள். முழு அளவுப் பந்து சுற்றளவு 68 முதல் 70 சென்ரிமீற்றர், நிறை 410 முதல் 450 கிராம். 12 வயதுக்குக் கீழ் என்றால் 4ஆம் இலக்கப் பந்தைக் கேளுங்கள். ஏற்பாட்டாளரிடம் விதிகளையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: ஓஃப்சைட் உண்டா இல்லையா, எத்தனை பேரை மாற்றலாம், சமநிலை என்றால் எத்தனை தண்ட உதை, எத்தனை நிமிடம் பிந்தினால் அணி தோற்றதாகக் கணக்கு. 7 பேர் ஆட்டத்தில் இவை ஊருக்கு ஊர் மாறும். இரண்டு தலைவர்களையும் ஒன்றாக நிற்கவைத்து, நீங்கள் வாசிக்க, அவர்கள் தலையாட்ட வேண்டும். வயது பற்றி முறைப்பாடு இருந்தால் ஆட்டம் தொடங்குமுன் எழுத்தில் ஏற்பாட்டாளரிடம் கொடுக்கச் சொல்லுங்கள். பிறப்புச் சான்றிதழ் பார்ப்பது உங்கள் வேலை அல்ல.

கழுத்தில் கிடப்பது

உதைபந்தாட்ட விதி 4 நகை எதையும் அனுமதிக்காது. நாடா ஒட்டி மறைத்தாலும் சரிவராது. நம் ஊரில் இந்த விதியைச் சொல்லும் விதத்தில் கவனம் வேண்டும். ஒரு பிள்ளையின் கழுத்தில் மடுத் திருவிழாவில் வாங்கிப் போட்ட உத்தரியம் இருக்கும். ஒரு பிள்ளையின் கையில் கோயில் நூல் இருக்கும். இன்னொரு பிள்ளையின் கழுத்தில் தாயத்து இருக்கும். அதைக் கட்டிவிட்டது அம்மாவோ அப்பம்மாவோ. எல்லார் முன்னிலையிலும் "கழட்டு" என்று சத்தம் போட்டால் அந்தப் பிள்ளைக்கு மட்டும் நோவதில்லை. கிட்டப் போய், குனிந்து, மெல்லிய குரலில், "தம்பி, இது இழுபட்டாக் கழுத்தை அறுக்கும். அம்மாட்ட பத்திரமாக் குடுத்திட்டு ஓடி வாங்கோ, நான் நிக்கிறன்" என்று சொல்லுங்கள். நான் சொல்லி இதுவரை எவரும் மறுத்ததில்லை. பெண் பிள்ளைகள் தலையை மூடி ஆடுவதில் தடை இல்லை. உலக அளவிலேயே 2014 மார்ச்சில் அதற்கு அனுமதி கிடைத்துவிட்டது. துணி கழுத்தில் சுருக்கிடாமல், ஊசி குத்தாமல் இருந்தால் போதும். இதைத் தெரியாமல் ஒரு பிள்ளையை வெளியே நிறுத்தினால் அந்த அநியாயம் உங்களுடையது.

ஆட்டத்துக்குள்

விதிகள் 17. தமிழில் எழுதிய குறிப்பு கிடைத்தாலும், ஆங்கிலப் புத்தகத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் வருடா வருடம் ஏதாவது மாறும். 2025 நடுப்பகுதியிலிருந்து பந்துக்காப்பாளர் பந்தைக் கையில் 8 விநாடிக்கு மேல் வைத்திருந்தால் எதிரணிக்கு மூலை உதை. கடைசி 5 விநாடியை நீங்கள் கையை உயர்த்தி விரலால் எண்ணிக்காட்ட வேண்டும். அதற்கு முன் 6 விநாடி, மறைமுகத் தனி உதை. பழைய விதியில் பழகிய பயிற்றுநர் கத்துவார். தொடங்குமுன் சொல்லிவைத்தால் கத்தமாட்டார். கோல் உதை, கை எறிதல், மூலை உதை மூன்றிலும் நேரே பந்து வாங்கினால் ஓஃப்சைட் இல்லை என்பதையும் சொல்லிவையுங்கள். கரையில் நடக்கிற பாதிச் சண்டை இந்த இரண்டிலும்தான்.

தீர்ப்பு சரியாக இருப்பது ஒன்று, நீங்கள் கிட்ட நின்று பார்த்தீர்கள் என்று சனம் நம்புவது இன்னொன்று. 30 மீற்றர் தூரத்தில் நின்று கொடுத்த சரியான தண்ட உதையைவிட, 8 மீற்றரில் நின்று கொடுத்த சந்தேகமான தண்ட உதையை ஊர் ஏற்கும். ஆகவே ஓடுங்கள். ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குச் சாய்கோடாக ஓடினால் பந்து உங்களுக்கும் கோட்டில் நிற்பவருக்கும் இடையில் இருக்கும்.

பத்து வயது, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளிடம் அட்டை கடைசி ஆயுதம். முதலில் பேர் சொல்லிக் கூப்பிடுங்கள்; பேர் தெரியாவிட்டால் இலக்கத்தைச் சொல்லுங்கள். "ஏழாம் நம்பர் தம்பி, கையை எடுங்கோ" என்றால் பாதித் தவறு நடக்குமுன்னே நின்றுவிடும். கோல் விட்ட சின்னப் பந்துக்காப்பாளன் அழுதுகொண்டு நிற்பான். நீங்கள் நடுக்கோட்டுக்கு ஓடுகிற அவசரத்தில் இருப்பீர்கள். ஒரு நிமிடம் நின்று சப்பாத்துக் கயிறு கட்டுவதுபோலக் குனியுங்கள். அந்த நேரத்தில் அவன் கண்ணைத் துடைத்துக்கொள்வான்.

பயிற்றுநருக்கும் அட்டை காட்டலாம், 2019இலிருந்து விதியில் இருக்கிறது. முதலில் கிட்டப் போய் அமைதியாக ஒரு சொல், பிறகு எல்லாரும் பார்க்க எச்சரிக்கை, அதன் பிறகுதான் மஞ்சள். கோட்டுக்கு வெளியே நிற்கிற தகப்பனுக்கு அட்டை கிடையாது. அவரோடு நீங்கள் வாய் கொடுக்கவே கூடாது. ஆட்டத்தை நிறுத்தி, ஏற்பாட்டாளரைக் கூப்பிட்டு, "அவரைக் கொஞ்சம் அங்கால கூட்டிக்கொண்டு போங்கோ, பிறகு தொடங்குவம்" என்று சொல்லிவிட்டு பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நில்லுங்கள். பந்து உங்கள் கையில் இருக்கும்வரை எவரும் ஆட்டத்தைத் தொடங்க முடியாது. பொடியங்களே போய் அந்த மனிதரைக் கெஞ்சுவார்கள்.

தவறு விட்டால்? விடுவீர்கள். ஆட்டம் மறுபடி தொடங்கவில்லை என்றால் உடனே மாற்றுங்கள், அதற்கு விதி இடம் தருகிறது. தொடங்கிவிட்டால் மாற்ற முடியாது. முடிந்த பிறகு தோற்ற அணியின் பயிற்றுநரிடம் நீங்களே நடந்து போய், "அந்தக் கோர்ணர் நான் பிழையாக் குடுத்திட்டன்" என்று ஒரே வசனத்தில் சொல்லுங்கள். நியாயம் பேச வேண்டாம், சூரியன் கண்ணில் அடித்தது என்று சொல்ல வேண்டாம். வலைக் கிழிசலை அன்றைக்கே போய் இப்படி ஏற்றுக்கொண்டிருந்தால் அந்த ஊர் என்னை மூன்று வருடம் தள்ளி வைத்திருக்காது என்று இப்போது நினைக்கிறேன்.

பங்குனி, சித்திரை வெயிலில் தண்ணீருக்கு இடைவேளை கொடுக்க உங்களுக்கு அதிகாரம் உண்டு. ஒன்றரை நிமிடத்திலிருந்து மூன்று நிமிடம் வரை குளிர்ச்சி இடைவேளை விதியிலேயே இருக்கிறது. மின்னி இடி கேட்டால் எல்லாரையும் மைதானத்தை விட்டு எடுங்கள், பனைக்குக் கீழே ஒதுங்கவிடாதீர்கள். தலையில் அடிபட்டு ஒரு கணம் மயங்கிய பிள்ளை திரும்ப ஆடக்கூடாது, அவனே கெஞ்சினாலும் கூடாது. 1990 சுவசரிய அம்புலன்ஸ் இலக்கம். பிள்ளையை எவராவது அடித்தாலோ கேவலமாக நடத்தினாலோ 1929. இரண்டையும் உங்கள் பதிவுக் கொப்பியின் அட்டையில் எழுதிவையுங்கள். உங்களைப் பொறுத்தவரை, எந்தப் பிள்ளையோடும் தனியாக உடை மாற்றும் அறையில் நிற்காதீர்கள். மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போகாதீர்கள்.

எல்லேயும் மென்பந்தும்

உதைபந்தாட்டம் ஓய்ந்திருக்கும் கிழமைகளில் வேறு விசில்களும் உண்டு. மென்பந்து கிரிக்கெட் சுற்றுப்போட்டிக்கு எல்லா ஊரிலும் நடுவர் தேடுவார்கள். டென்னிஸ் பந்து, சில ஓவர்கள், பெரும்பாலும் எல்.பி.டபிள்யூ. இல்லை, ஆனாலும் நாள் முழுக்க வெயிலில் நிற்க வேண்டும். எல்லே நம் நாட்டின் மட்டைப்பந்து ஆட்டம். மூங்கில் மட்டையால் பந்தை அடித்துத் தரிப்பிடங்களைச் சுற்றி ஓடுவது, பேஸ்போலுக்குக் கிட்டத்தட்டத் தம்பி முறை. ஒவ்வொரு தரிப்பிடத்துக்கும் ஒரு கண் தேவை என்பதால் நடுவர் பலர் வேண்டும், புதியவருக்கு இடம் கிடைக்கும். இவை சின்ன வேலை என்று நினைக்க வேண்டாம். பேஸ்போல் பெரிதாக ஆடாத நம் நாட்டிலிருந்து போன சுஜீவ விஜயநாயக்க, ஜப்பானில் கோஷியன் மைதானத்து உயர்பாடசாலைத் தேசியப் போட்டியில் நடுவராக நின்றவர். ஆடுகிறவனைவிடத் தூரம் போன நடுவர்கள் எல்லா விளையாட்டிலும் இருக்கிறார்கள்.

பதிவும் பரீட்சையும்

இரண்டு பருவம் கழகப் போட்டிகளில் நின்றுவிட்டீர்கள் என்றால் மன்னார் உதைபந்தாட்ட லீக்கில் போய் மத்தியஸ்தர் பயிற்சி எப்போது என்று கேளுங்கள். இலங்கை உதைபந்தாட்டச் சம்மேளனத்தின் பரீட்சை கீழ்த் தரத்திலிருந்து மேலே ஏறுவது. எழுத்தும் உண்டு, ஓட்டமும் உண்டு. சர்வதேச அளவுகோலில் 40 மீற்றரை ஆறு முறை விரைந்து ஓட வேண்டும். பிறகு 75 மீற்றர் ஓடி 25 மீற்றர் நடந்து, அதை நிறுத்தாமல் 40 முறை. ஈர மணலில் அதிகாலை ஓடிப் பழகினால் புல் தரையில் கால் லேசாக இருக்கும். தரச் சான்றிதழ் கையில் இருந்தால் கூலி பேசும்போது உங்கள் குரல் மாறும்; லீக் ஆட்டங்களும் வெளி மாவட்ட ஆட்டங்களும் அதற்குப் பிறகுதான் கிடைக்கும்.

தங்கைமாரே, இது உங்களுக்கும் உரிய வேலை. பாடசாலைப் பெண்கள் அணிகள் கூடிக்கொண்டு வருகின்றன, பெண் மத்தியஸ்தர்கள் கைவிரலில் எண்ணக்கூடிய அளவில்தான். திண்டுக்கல்லைச் சேர்ந்த ரூபா தேவி தமிழ்நாட்டின் முதல் பெண் ஃபீஃபா மத்தியஸ்தர் ஆனவர். 2022 டிசம்பர் முதலாம் திகதி கட்டாரில் ஜேர்மனியும் கொஸ்ரா ரிக்காவும் ஆடிய ஆண்கள் உலகக் கிண்ணப் போட்டியை நடத்தியவர் பிரான்ஸின் ஸ்ரெஃபனி ஃபிராபார்ட். முதலில் கோட்டில் கொடியோடு நில்லுங்கள், கூட ஒரு தோழியைக் கூட்டிக்கொள்ளுங்கள், போக்குவரத்தை ஏற்பாட்டாளரே பார்க்க வேண்டும் என்று பேசிக்கொள்ளுங்கள். ஆறு மணிக்கு மேல் நீளும் இறுதிப் போட்டியை ஏற்பதற்கு முன் வீடு திரும்பும் வழியை உறுதிசெய்யுங்கள்.

அன்று இரவு

அட்டை காட்டிய ஆட்டம் என்றால் அறிக்கையை அன்றைக்கே எழுதிக் கொடுங்கள்: நிமிடம், இலக்கம், பேர், கண்டது என்ன. "முரடாக நடந்தான்" என்று எழுதாதீர்கள். "34ஆம் நிமிடம், பந்து போன பிறகு, எதிரணி 5ஆம் இலக்கத்தின் கணுக்காலில் உதைத்தார்" என்று எழுதுங்கள். பிள்ளையின் எதிர்காலம் அந்தத் தாளில் இருக்கிறது.

பிறகு உங்கள் கொப்பி. திகதி, ஊர், வயதுப் பிரிவு, எத்தனை போட்டி, கூலி, பெற்றோல், கையில் நின்றது. 2025 ஏப்ரல் தொடக்கம் வருடத்துக்கு 18 இலட்சம் ரூபாய் வரையான வருமானத்துக்கு வரி இல்லை. ஆனாலும் வேறு சம்பளம் உள்ளவர் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க இந்தக் கொப்பி உதவும். பக்கத்தில் அந்த மைதானத்தைப் பற்றி இரண்டு வரி எழுதுங்கள். என் கொப்பியில் ஒரு பக்கம் இப்படி இருக்கிறது: "மேற்குக் கோல் வாய் பள்ளம். நாலு மணிக்குப் பிறகு சூரியன் கிழக்குக் காப்பாளர் கண்ணில். வலை புதிது, வலது அடி முடிச்சு தளர்வு. தோற்ற அணிப் பயிற்றுநர் தேத்தண்ணி தந்தவர்."

அந்தப் பயிற்றுநர் அடுத்த ஆனியில் கூப்பிட்டார். நூல் சுருளோடு போனேன். வலது அடி முடிச்சை அவர்களே இறுக்கி வைத்திருந்தார்கள்.